மாரியப்பன் அண்ணன் வீட்டுக் கடல்

மலாக்காவில் நான் வேலை பார்த்த தெங்கேரா வளர்ப்பு மீன் கடையில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் ஒரு வாரமாக என்னை விடவில்லை. "அங்கிள், கம்மி செலவுல வீட்ல கடல் மீன் தொட்டி எப்படி வைக்கிறதுன்னு சொல்லுங்க. குரூப்ல தினம் நாலு பேர் கேக்குறாங்க" என்றார்கள்.

"வீடியோவுல இல்லாததா நான் சொல்லிடப் போறேன்?"

"வீடியோவுல எல்லாரும் நல்லா வந்த தொட்டியத்தான் காட்டுறாங்க. நீங்கதான் நிறைய சாகடிச்சிருக்கீங்க" என்றாள் ஒருத்தி.

இருபத்தாறு வருட உழைப்புக்கு இப்படி ஒரு நற்சான்றிதழ் கிடைத்த பிறகு மறுக்க முடியுமா? நான் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பள்ளிக்கூடம் என்னை விட்டது என்பதுதான் சரி. அதனால் நான் வாயால் சொல்கிறேன், என் மகள் எழுதுகிறாள். தமிழை அவள் திருத்துகிறாள். பொய் வந்தால் நானே நிறுத்திக்கொள்கிறேன். ஏன் நிறுத்துகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

பெம்பான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தேன். பால் மரம் வெட்டினேன், எண்ணெய்க்கான செம்பனை வந்ததும் குலை தூக்கினேன், இடுப்பு போனதும் பட்டணத்துக்கு வந்தேன். மீன் கடையில் வேலைக்கு ஆள் கேட்டார்கள். "மீன் பத்தி என்ன தெரியும்?" என்று தவுக்கே, அதாவது கடை முதலாளி, கேட்டார். "புளி ஊத்தி வெச்சா நல்லா இருக்கும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். அவ்வளவுதான் நேர்காணல்.

தவுக்கே சீனர். அவருடைய அப்பா தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தவர். அதனால் நம் ஆட்களைவிடச் சுத்தமாகத் தோட்டத் தமிழ் பேசுவார். நான் இருந்த காலம் முழுவதும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அது பெரிய கொடுமை. திட்டுகிற முதலாளியிடம் திட்டு வாங்கியதோடு கணக்கு முடிந்துவிடும். இவரோ, ஒரு மீன் செத்தால் அதை எடுத்து வெள்ளைச் சாசரில் வைத்து, என் முன்னால் தள்ளிவிட்டு, பால் சேர்க்காத தன் கோப்பி-ஓவைக் கலக்கிக்கொண்டே இரண்டு கேள்வி கேட்பார். "என்ன செத்துச்சு? ஏன் செத்துச்சு?"

பதிலை ஒரு நீளமான நோட்டில் எழுத வேண்டும். கடையில் அதற்குப் பெயர் செத்த புக். எனக்கு எழுத வராது என்றேன். "அப்ப வரை" என்றார்.

வரைந்தேன். செத்தது இடப்பக்கம், காரணம் வலப்பக்கம். குழாய்த் தண்ணீரில் கலக்கிற குளோரின் மருந்தால் செத்தால் ஒரு குழாய். வெப்பத்தால் செத்தால் ஒரு சூரியன். அளவுக்கு மேல் தீனி போட்டுச் செத்தால் ஒரு தொப்பை. பிள்ளைகள் படம் கிறுக்கும் நோட்டு என்று நினைத்து வாடிக்கையாளர்கள் புரட்டுவார்கள். சிரித்துக்கொண்டே புரட்டி, பாதியில் மூடி வைப்பார்கள்.

அதில் என்னுடைய முதல் பக்கம் இறால். மீனுக்கு உடம்பில் வெள்ளைப் புள்ளி வந்தால் ஒரு நீல மருந்து போடுவோம். நீல மருந்துத் தொட்டியில் மீன் பிடித்த வலையை நான் கழுவாமல் இறால் தொட்டியில் விட்டேன். மறுநாள் இருபத்திரண்டு இறால் மல்லாந்து கிடந்தன. கடையில் இருந்த சாசர் போதாமல் பக்கத்துக் கோப்பிக் கடையில் இரவல் வாங்கி வந்து ஒவ்வொன்றாக என் முன்னால் வைத்தார் தவுக்கே. இருபத்திரண்டையும் வரைய வைத்தார். விரல் வலித்தது. கடைசி மீசையை வரைந்து முடித்த பிறகுதான் சொன்னார். "அந்த மருந்துல செம்பு இருக்கு. மீன் தாங்கும். முதுகெலும்பு இல்லாதது தாங்காது. இறால், நண்டு, நத்தை, எல்லாம் செத்துரும். மறக்காத."

மறக்க மாட்டேன் என்றேன். எவ்வளவு நன்றாக மறக்காமல் இருந்தேன் என்று இனிமேல் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால், அலோர் காஜாவிலிருந்து சரசு அக்கா கடைக்கு வந்தார். அவருடைய கணவர் மாரியப்பன் அண்ணன் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். ஞாயிற்றுக்கிழமையானால் தூண்டிலோடு பெங்காலான் பாலாக் கடற்கரைக்குப் போய்விடுவார். எனக்கும் அங்கேதான் பழக்கம். பக்கவாதம் வந்து அவருடைய இடது கையும் காலும் விழுந்திருந்தன.

"கை கால் போனது கூட பரவால்ல தம்பி" என்றார் அக்கா. "இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தெரியல. தட்டுல சோறு போட்டா வலது பக்கம் பாதிய சாப்டுட்டு, முடிஞ்சிருச்சுங்கறாரு. இடது பக்கம் பாதி அப்படியே கெடக்கு. தட்டத் திருப்பி வெச்சா கோவம். ஆளு பாதியா போயிட்டாரு."

கண்ணில் கோளாறு இல்லையாம், மூளைதான் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டதாம். பயிற்சி கொடுக்கிற மிஸ், இடப்பக்கம் எப்போதும் ஏதாவது அசைகிற பொருளை வைக்கச் சொல்லியிருந்தார். டிவியை வைத்துப் பார்த்தார்களாம், அண்ணன் திரும்பவில்லை.

"கடல்னா திரும்புவாரு. ஆனா எங்ககிட்ட காசு பெரிசா இல்ல தம்பி. ஏதாவது செய்ய முடியுமா?"

தவுக்கே கோப்பியிலிருந்து தலையைத் தூக்காமல், "பின்னாடி பழைய தொட்டி கெடக்கு, எடுத்துட்டுப் போ" என்றார்.

இப்போது கம்மி செலவுத் தொட்டி எப்படி என்று கேட்டவர்கள் கவனியுங்கள்.

மூன்றடித் தொட்டியைப் பழைய செய்தித்தாள் மேல் வைத்து நல்ல தண்ணீர் ஊற்றி இரண்டு நாள் விட்டேன். தாள் நனையவில்லை, ஒழுகவில்லை. கடல் தண்ணீருக்கு, தொடர்ந்து மூன்று நாள் மழை இல்லாத சமயம் பார்த்து, ஆற்று வாயிலிருந்து தூரமாக, நீர் ஏறி நிற்கும் நேரத்தில் போனேன். குடிதண்ணீர் அடைக்கும் பெரிய பிளாஸ்டிக் கேன்களில், நாங்கள் தோங் என்போம், புதிதாக வாங்கிப் பிடித்து, வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டி, இருட்டில் மூடி, காற்று மோட்டாரை ஓடவிட்டு இரண்டு வாரம் வைத்தேன். அடியில் சகதி படியும். மேல் தண்ணீரைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சி இறக்க வேண்டும். இத்தனை வருடத்தில் நான் விழுங்கிய கடல் தண்ணீருக்கு என்னை ஊறுகாயாகவே போட்டிருக்கலாம்.

கல்லும் மணலும் கடையில் கழித்துக் கட்டியது, வெயிலில் வருடக்கணக்கில் காய்ந்தது. கடலில் பவளத்தை உடைத்து எடுக்கக் கூடாது, பிடித்தால் கேஸ். கல்லும் மணலும் போட்ட பிறகு ஒரு பச்சை இறால் துண்டை உள்ளே போட்டு அழுக விட வேண்டும். வீடு நாறும். அந்த அழுகலைத் தின்கிற கிருமி கல்லில் குடியேற ஒரு மாதம் ஆகும். அது வந்தால்தான் மீன் பிழைக்கும். அந்த ஒரு மாதம் பொறுக்க முடியாதவன் கடல் தொட்டி வைக்கவே கூடாது. நான் பொறுத்தேன். சரசு அக்கா ஊதுவத்தி கொளுத்திக்கொண்டு பொறுத்தார்.

கடைசியாக ஒரு விஷயம். தொட்டித் தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, "அக்கா, தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ வந்தா ஊத்துங்க. குழாய்த் தண்ணிய நேரா ஊத்தக் கூடாது. ஒரு நாள் தெறந்து வெச்சா மருந்து போயிரும், மறுநாள் ஊத்துங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். எதில் திறந்து வைப்பது என்று சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

தொட்டியை அண்ணனின் நாற்காலிக்கு முன்னால், இடப்பக்கம் தள்ளி வைத்தோம். முதலில் இரண்டு நீலக் குட்டி மீன்களை விட்டேன். அவை தொட்டியின் வலது ஓரத்துக்கு வரும்போது அண்ணன் பார்ப்பார். இடப்பக்கம் பாய்ந்தால் அவருக்கு அவை இல்லாமல் போய்விடும். வேகம் அதிகம். மறு வாரம், காலி சங்குக்குள் குடியிருக்கிற சின்ன நண்டு ஒன்றைக் கொண்டுபோனேன். நாங்கள் சங்கு நண்டு என்போம், மலாய்க்காரர்கள் உமாங்-உமாங் என்பார்கள். அதை வலது ஓரத்தில் இறக்கினேன். அது சங்கை இழுத்துக்கொண்டு, நின்று, யோசித்து, மறுபடி இழுத்து, இடப்பக்கம் நோக்கிப் போனது. அண்ணனின் கண் அதன் கூடவே போனது. பிறகு கழுத்து போனது. தொட்டியின் இடது மூலைவரை போனது.

"வீட்டையே ஏத்திக்கிட்டு போறான் பாரு" என்றார் அண்ணன். நாக்கு குழறியது, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. "லோரிக்காரன்."

சரசு அக்கா அடுப்படிக்குள் போய்விட்டார். 

மூன்றாவது வாரம் அக்கா போன் செய்தார். "இன்னிக்கு தட்டுல இடது பக்கம் கத்திரிக்காய எடுத்து சாப்டாரு தம்பி." சொல்லி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து லோரிக்காரன் செத்தான். போய்ப் பார்த்தேன். மீன் இரண்டும் துள்ளிக்கொண்டிருந்தன. நான் பெரிய நிபுணன் மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொசு மருந்து அடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

மகன் சேகர் போன ஞாயிறு வந்தபோது முன் கூடத்தில் அடித்தானாம்.

"அப்ப அதான்" என்றேன். ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை.

சேகர் மலாக்கா டவுனில் டயர் கடையில் வேலை செய்கிறவன், ஞாயிறுதோறும் அப்பாவைக் குளிப்பாட்ட வருகிறவன். சரசு அக்கா அவனைப் போனில் பிடித்துக்கொண்டார். "ஒங்கப்பன் இப்பதான் திரும்பிப் பாக்கறாரு, அதப் பொறுக்கலியாடா ஒனக்கு?" அடுத்த ஞாயிறு சேகர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை.

இரண்டாவது நண்டைக் கொண்டுபோய் விட்டேன். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. கல்லில் ஒட்டியிருந்த சின்ன நத்தைகளும் உதிர்ந்து கிடந்தன. இந்த முறை கொசு மருந்து இல்லை, சேகரும் இல்லை. நான் எடுத்துவந்த நண்டைத் தவுக்கே சாசரில் வைத்தார்.

"மீன்?"

"நல்லா இருக்கு தவுக்கே."

"நத்தை?"

"செத்திருச்சு."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. எழுந்து போய் அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். இருபத்திரண்டு இறால், ஒரு நீலப் புட்டி.

அது வெள்ளிக்கிழமை. அப்படியே பஸ் ஏறி அலோர் காஜா போனேன். சாமி மாடத்தில் விளக்கு எரிந்தது. முருகன் படத்துக்கு முன்னால், புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஒரு செம்புக் குடம். சரசு அக்கா அதைக் கையில் எடுத்தார், நெற்றியில் ஒற்றிக்கொண்டார், தொட்டியின் டேப் கோடுவரை தண்ணீரை ஊற்றினார்.

"நீங்க சொன்ன மாதிரிதான் தம்பி, ஒரு நாள் தெறந்து வெச்சுத்தான் ஊத்துறேன். செம்புல வெச்சா ஒடம்புக்கு நல்லதுல்ல? சாமி கிட்ட வெச்சா இன்னும் நல்லது. இனிமே வர்றதாவது உயிரோட இருந்தாத்தானே அவரு..." என்றார்.

வாரா வாரம், நான் சொல்லிக்கொடுத்தபடியே. தண்ணீர் வற்றுகிறது. உப்பு மாதிரி செம்பும் வற்றாமல் சேர்ந்துகொண்டே இருக்கிறது.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். கணவனைத் திருப்பிக் கொண்டுவந்த உயிரைத் தன் கையாலேயே, கும்பிட்டுக் கும்பிட்டுக் கொன்றார் என்று எப்படிச் சொல்வது? வாழ்நாள் முழுவதும் வாயை வைத்துப் பிழைத்தவன் நான். அன்றைக்கு அந்த வாய் ஒரு பொய்யை எடுத்துக் கொடுத்தது.

"அக்கா, குடம் கனம். கண்ணாடியில பட்டா விரிசல் விட்டுரும். இனிமே பிளாஸ்டிக் ஜக்குல ஊத்துங்க." நானே கடைக்குப் போய்ப் பச்சை ஜக் ஒன்று வாங்கி வந்து கொடுத்தேன். பாதித் தண்ணீரை மாற்றினேன், செம்பை உறிஞ்சக் கரி வாங்கிப் போட்டேன், ஒரு வாரம் கழித்து மூன்றாவது நண்டை விட்டேன். யார் மனதும் நோகாமல் பிரச்சினையைத் தீர்த்துவிட்டேன் என்று பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தேன்.

பத்தே நாள். சரசு அக்கா போனில் அழவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அவரு நேத்து பூரா, எங்கடி அவன், எங்கடி அவன்னு கேட்டாரு. இன்னிக்கு கேக்கல. தட்டுல பாதி கெடக்கு தம்பி."

போனேன். பச்சை ஜக் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. செம்புக் குடம் மாடத்தில் அதே இடத்தில், அதே பளபளப்போடு இருந்தது.

"ஜக்குலதானேக்கா ஊத்துனீங்க?"

"ஜக்குலதான். குடத்துல ஒரு நாள் வெச்சு, ஜக்குல மாத்தி ஊத்துறேன். நீங்கதானே கண்ணாடியில படக் கூடாதுன்னு சொன்னீங்க."

சொன்னபடிதான் செய்திருந்தார், ஒரு எழுத்துப் பிசகாமல். நான் சொன்னதுதான் பொய்.

மாரியப்பன் அண்ணன் வலப்பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தட்டு அவருடைய மடியில் இருந்தது. சரியாகக் கோடு போட்டது மாதிரி பாதிச் சோறு. நான் தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். செம்பு, நண்டு, நத்தை, இரண்டாவது நண்டு செத்தபோதே எனக்குத் தெரிந்தது, ஜக் விஷயத்தில் நான் சொன்ன பொய், எல்லாம்.

சரசு அக்கா மாடத்துக் குடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா இது பொழச்சிருக்கும்ல?"

"ஆமாக்கா."

"என் மனசு நோகும்னு சொல்லலியா?"

தலையை ஆட்டினேன்.

"அத நீ யாருடா முடிவு பண்ண?" அதுவரை என்னைத் தம்பி, நீங்க என்றுதான் சொல்வார். "நான் அவருக்குப் பீ மூத்தரம் அள்ளுறவ. நண்டு செத்த சேதி கேட்டு செத்துருவேன்னு நெனச்சியா? எம் புள்ள ரெண்டு மாசமா வாசப்படி மிதிக்கல. நான் திட்டுன திட்டுல. நீ சும்மா வாய்ல வந்தத சொன்னதுக்கு."

தரையிலிருந்து எழுந்தேன். 

"போ" என்றார். "மொதல்ல அவன்கிட்ட போ."

சேகரின் டயர் கடைக்குப் போனேன். அவன் ஒரு காருக்கு அடியில் இருந்தான், கால் மட்டும் தெரிந்தது. அந்தக் காலிடம் மன்னிப்புக் கேட்டேன். முழுக் கதையையும் சொன்னேன். ஸ்பானர் சத்தம் நின்றது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அங்கிள், செம்பு ஏறுன தொட்டிய கழுவினா போகுமா?"

"போகாதுப்பா. கல்லு, மணலு, பஞ்சு, ஒட்டுன பசை வரைக்கும் ஏறியிருக்கும். எல்லாத்தையும் தூக்கிப் போட்டு முதல்லேருந்து."

"கடல் தண்ணி எத்தன தோங் வேணும்?"

"பன்னெண்டு."

"ஞாயித்துக்கெழம வேன் எடுத்துட்டு வரேன். நீங்க வாய மட்டும் வீட்ல வெச்சிட்டு வாங்க லா."

கடைக்குத் திரும்பி வந்தேன். எடுத்துவந்த மூன்றாவது நண்டைத் தவுக்கே சாசரில் வைத்து என் முன்னால் தள்ளினார். "என்ன செத்துச்சு?" நண்டை வரைந்தேன். "ஏன் செத்துச்சு?" வலப்பக்கத்தில் குடத்தை வரையக் கை போனது. நிறுத்திக்கொண்டேன். வட்டமாக ஒரு முகம் வரைந்தேன், தொங்குகிற கன்னம், திறந்த வாய், மீசை.

தவுக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்ன?"

"நான்தான் தவுக்கே."

நோட்டை என் பக்கம் திருப்பி, "மீசை பத்தல" என்றார். அன்று பின்னாலிருந்த இன்னொரு பழைய தொட்டியையும் அவரே துடைத்து வைத்திருந்தார்.

மறுபடி மூன்று நாள் மழையில்லாத சமயம், மறுபடி வேட்டித் துணி, இரண்டு வாரம் இருட்டு, அழுகிய இறால், ஒரு மாத நாற்றம். சேகர் ஞாயிறுதோறும் வந்து அப்பாவைக் குளிப்பாட்டினான், தொட்டியைப் பார்த்தான், என்னிடம் வேலைக்கு மட்டும் பேசினான். அந்த இரண்டு மாதமும் அண்ணனின் தட்டில் பாதிச் சோறு கிடந்தது. அதை எடுத்துப்போய் அக்கா தானே சாப்பிட்டார்.

நான்காவது லோரிக்காரனை சேகர்தான் இறக்கினான், வலது ஓரத்தில். அது அரை மணி நேரம் சங்கைவிட்டு வெளியே வரவில்லை. நாங்கள் நான்கு பேரும் தொட்டியைவிட்டு நகரவில்லை. பிறகு ஒரு கால் வந்தது. அண்ணனின் கண் அங்கே போனது. "வந்துட்டான்" என்றார்.

அந்த நண்டு பிழைத்து நின்றது. மெதுவாக, மாதக்கணக்கில், தட்டின் இடப்பக்கம் காலியாகத் தொடங்கியது. பாகற்காயை மட்டும் அண்ணன் கடைசிவரை இடப்பக்கம் ஒதுக்கியே வைத்தார். அது நோய் இல்லை என்று மிஸ்ஸே சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் இருந்தார் மாரியப்பன் அண்ணன். அவர் போய்ச் சில மாதம் கழித்து, நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வாரம், சரசு அக்கா கடைக்கு வந்தார். கையில் அந்தப் பச்சை ஜக். அதற்குள் சங்கு, சங்குக்குப் பக்கத்தில் அசையாமல் நண்டு. இன்னொரு புட்டியில் தொட்டித் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார்.

"ஏன் செத்துச்சுன்னு பாத்துச் சொல்லு தம்பி" என்றார். "எங்கிட்ட பொய் சொல்லாத."

உப்பைப் பார்த்தேன். செம்பு இருக்கிறதா என்று சோதித்தேன், இல்லை. அழுக்கைச் சோதித்தேன், இல்லை. எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார்.

"வயசுக்கா. வேற ஒண்ணும் இல்ல."

"நெசமா?"

"நெசமாக்கா."

அவர் என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நோட்டை எடுத்து நண்டை வரைந்தேன். வலப்பக்கத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. குழாய் உண்டு, சூரியன் உண்டு, தொப்பை உண்டு, என் மீசையும் உண்டு. இத்தனை வருடத்தில் இந்தக் காரணத்தை வரைய வேண்டி வந்ததே இல்லை.

"தவுக்கே, வயச எப்படி வரையறது?"

தவுக்கே கோப்பியைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு, சுருக்கம் விழுந்த தன் முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, அசையாமல் உட்கார்ந்தார்.

"வரை" என்றார்.